ஏழு என்னும் எண்ணும் கிழக்கு உளவியல் கழகமும்

அருளுரை ஆயத்தம் பற்றிய வகுப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் கூறப்பட்டுவரும் செய்தியொன்று உண்டு. மனித மனம் ஒரே வேளையில் ஏழு பொருள்களை மட்டுமே நினைவில் தாங்கி நிற்கும் என உளவியலார் கண்டுள்ளனர். ஆதலால் அருளுரையின் உட்பிரிவுகள் ஏழுக்கு மேற்படலாகாது, மூன்றாயின் மிக நன்று என்பதே அது. நாமும் இதனைப் பல ஆண்டுகள் கூறி வந்தோம். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதனைக் கண்டறிந்த உளவியலார் யார்? எங்கே, எவரிடம் கூறினார்?" என்று வினவியபோது நம்மிடம் விடை இருக்கவில்லை. நமக்குக் கற்பித்தவர் கூறினார். அவருக்குக் கற்பித்தவர் அவரிடம் கூறியிருப்பார் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் அறிந்திலோம். திருமறையின் ஒரு வசனத்தை இடமும் சூழலும் அறியாது எடுத்தாளும் மாணவரை நாம் கடிந்துகொள்வோம். உளவியலிலோ அந்நெறியை நாமே மறந்திருந்தோம்.

விடையைத் தேடிச் சென்றபோது நாம் வந்தடைந்த இடம் பெரியதோர் ஆய்வுக்கூடமன்று. அமெரிக்க நாட்டின் பிலதெல்பியா நகரில் 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், ஒரு வட்டார உளவியல் கழகத்தின் ஆண்டு மாநாட்டில் நிகழ்ந்த உரையே இச்செய்தியின் பிறப்பிடம். வெளிப்படுத்தல் நூலின் ஏழு சபைகளுள் ஒன்றின் பெயர் இந்நகருக்கு வாய்த்திருப்பது தற்செயலே. இத்தகைய தற்செயல்களைப் பற்றி அவ்வுரையாளருக்கே ஒரு கருத்து இருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம். அந்த உரை எத்தகைய மன்றத்தில் எழுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மன்றத்தை அறியாதவர் உரையின் பொருளையும் தவற விடுவர்.

அமெரிக்க உளவியலாருக்கென ஒரு தேசியக் கழகம் 1892-ஆம் ஆண்டு ஊஸ்டர் நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அதனைக் கூட்டியவர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஸ்டான்லி ஹால். இவர் உளவியலுக்கு வருமுன் நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் குருத்துவக் கல்வி பயின்றவர் என்பது நம் வாசகர் கருதத்தக்கது. அதே ஊஸ்டர் நகரின் மனநல மருத்துவமனையில்தான், 1925-இல் ஆன்டன் பாய்சன் என்னும் சிற்றாலய குரு, இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பயிற்சிக்கு அழைத்து வந்து, இன்று நாம் மருத்துவமனைசார் மேய்ப்புப்பணிக் கல்வி என வழங்கும் பயிற்சி முறைக்கு வித்திட்டார். இறையியலும் உளவியலும் அந்நாட்டில் ஒரே தெருவில் குடியிருந்தவை என்றே சொல்லலாம்.

தேசியக் கழகம் ஒன்றிருக்க வட்டாரக் கழகங்கள் எதற்கு? நாட்டின் பரப்பே முதற்காரணம். ஆண்டுக்கொரு முறை கூடும் பெருமாநாட்டிற்கு இரயிலில் பல நாள் பயணம் செய்யச் சிறு கல்லூரி ஆசிரியரால் இயலாது. அவர்தம் மாணவரால் அறவே இயலாது. எனவே அண்டை மாநிலங்களில் பணியாற்றுவோர் தம்முள் கூடலாயினர். நியூயார்க்கைச் சார்ந்தோர் இவ்வாறு கூடியதிலிருந்து வளர்ந்ததே ஈஸ்டர்ன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் என ஆங்கிலத்தில் வழங்கும் கிழக்கு உளவியல் கழகம். 1896-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் இக்கழகம், நெடுங்காலம் தேசியக் கழகத்தின் நியூயார்க் கிளையாக இருந்து, 1930-களில் இப்பெயரைப் பெற்றது. வட்டாரக் கழகங்களுள் இதுவே மூத்தது. தென் பகுதியில் மெய்யியலாரும் உளவியலாரும் சேர்ந்து 1904-இல் ஒரு கழகம் கண்டனர். மேற்குக் கழகம் 1921-இலும், தென்மேற்குக் கழகம் 1953-இலும், தென்கிழக்குக் கழகம் 1954-இலும் தோன்றின.

இக்கழகங்கள் எவருக்கும் தொழில் உரிமம் வழங்குவதில்லை. ஒரு கோட்பாட்டை ஏற்று மற்றொன்றை விலக்கித் தீர்மானம் இயற்றுவதும் இல்லை. நம் திருச்சபைப் பேரவைகளில் பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே தோன்றும். மூன்று நாள் கூடி ஒரு தீர்மானமும் நிறைவேற்றாமல் கலைந்து செல்லும் மாநாட்டை நாம் எங்கே கண்டிருக்கிறோம்? தாம் செய்த ஆய்வை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பதும், கேட்டதை வினவுவதுமே இவற்றின் முதன்மையான பணி. ஆண்டு மாநாடு நின்றுவிட்டால் கழகத்தில் எஞ்சுவது மிகச் சொற்பம்.

மாநாடு நடைபெறும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். நியூயார்க், பிலதெல்பியா, பாஸ்டன் போன்ற நகரங்களில் ஏதேனும் ஒன்றில், குளிர்காலம் முடிந்து இளவேனில் தொடங்கும் பருவத்தையொட்டி அது கூடும். பல மாதங்களுக்கு முன்னரே ஆய்வுச் சுருக்கங்கள் கோரப்படும். ஆய்வின் வினா என்ன, எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, என்ன கண்டறியப்பட்டது என்பவற்றை ஒரு சிறு பத்திக்குள் அடக்கி அனுப்ப வேண்டும். நிகழ்ச்சிக் குழுவினர் அவற்றைப் படித்து, ஏற்பன ஏற்று, ஒத்த பொருளுடையவற்றை ஒரே அமர்வில் வைப்பர். ஒருவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம் அளவே. அதிலும் இறுதிச் சில நிமிடங்கள் கேட்போருக்கு உரியவை. அமர்வுத் தலைவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பட்டம், பதவி, வயது எதுவாயினும் நேரம் முடிந்தால் அமர வேண்டியதுதான். (இவ்வொழுங்கை நம் ஆயர் மாநாடுகளுக்கு இறக்குமதி செய்யலாகுமா என ஏக்கத்துடன் எண்ணிப் பார்த்ததுண்டு.)

இவையன்றி, 1970-களில் பரவிய போஸ்டர் அமர்வு என்னும் வழக்கமும் உண்டு. பெரிய கூடமொன்றில் வரிசையாகப் பலகைகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஆய்வாளர் தம் ஆய்வை ஒரே தாளில் வரைபடங்களுடன் எழுதி அப்பலகையில் பொருத்தி, அதன் அருகே நிற்பார். வருவோர் நின்று படிப்பர், வினவுவர், ஐயம் எழுப்புவர், அடுத்த பலகைக்கு நகர்வர். அங்கு நிற்பவர்களுள் பெரும் பகுதியினர் இருபது வயதை ஒட்டிய மாணவர். தம் வாழ்நாளில் முதன்முறையாக, தம் ஆசிரியரல்லாத ஒருவர் தம் ஆய்வைப் படிப்பதை அருகே நின்று காண்பவர்கள். 1929-இல் தோன்றிய சை கை என்னும் உளவியல் மாணவர் சங்கம் இவ்வட்டார மாநாடுகள் தோறும் மாணவர்க்கெனத் தனி நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது. அந்தப் பலகையின் அருகே நிற்கும் மாணவரிடம், முதுபெரும் பேராசிரியர் ஒருவர் வந்து, "ஒப்பீட்டுக்காகத் தனியே வைத்த குழுவை எவ்வாறு தெரிந்தெடுத்தீர்?" என்று கேட்கக்கூடும். மாணவர் தடுமாறலாம், அதில் இழுக்கில்லை. தடுமாறுவதற்கென்றே ஏற்பட்ட இடம் அது.

இங்கே நம் வாசகர் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடொன்று உண்டு. மாநாட்டில் உரைக்கப்பட்டது முடிந்த முடிபன்று. இதழொன்றில் அச்சேறுமுன் துறையறிஞர் இருவர் மூவர் வரிவரியாக ஆராய்ந்து திருத்தம் கோருவர். மாநாட்டுச் சுருக்கத்திற்கு அத்தனை கடும் சோதனை இல்லை. அது சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்பைத் திறந்து காட்டுவது போன்றது. மாநாட்டில் வந்தவற்றுள் ஒரு பகுதி அச்சேறாமலே மறைந்துவிடும். இதனை அங்கிருப்போர் அனைவரும் அறிவர். வெளியே இருப்போர்தாம் அறிவதில்லை.

அடுப்பைத் திறந்து காட்டுதல் என்பதற்கு 1955-ஆம் ஆண்டுப் பிலதெல்பியா மாநாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அதில் உரையாற்றியவர்களுள் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி. எஃப். ஸ்கின்னர். நடத்தையியலின் பெருந்தலைவராக விளங்கிய இவர், அறிவியல் நெறியைப் பற்றி விதிமுறை வகுத்துப் பேசுவார் என எதிர்பார்த்திருந்தால் கேட்டவர் ஏமாந்திருப்பர். தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்புகள் உண்மையில் எவ்வாறு நேர்ந்தன என்பதையே அவர் கதையாகக் கூறினார். எலி ஓடுவதற்கு நீண்ட தடமொன்றை அமைத்தாராம். ஒவ்வொரு முறையும் எலியைத் தூக்கித் திரும்பக் கொண்டுவருவது சலிப்பூட்டவே, எலி தானே திரும்பும்படி தடத்தை மாற்றினாராம். கருவியில் பயன்படுத்திய மரத்தட்டில் ஓர் அச்சுத்தண்டு வேண்டாத பொருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நூலைச் சுற்றிப் பார்க்கலாமே என்ற எண்ணத்திலிருந்து, பிற்காலத்தில் அவர் பெயருடன் இணைந்த வளைகோட்டுப் பதிவு முறை பிறந்தது. எலிகளுக்குக் கொடுக்கும் உணவு உருண்டைகளைத் தாமே மருந்துக்கடைக் கருவியில் உருட்ட வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை கையிருப்பைக் கணக்கிட்டபோது, அன்று மாலை முழுவதும் உருட்டிக்கொண்டே இராவிடில் திங்கட்கிழமை முற்பகலுக்குள் தீர்ந்துவிடும் எனக் கண்டார். ஒவ்வொரு அழுத்தத்திற்கும் உருண்டை கொடுப்பதை விடுத்து, நிமிடத்திற்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று எண்ணினார். இடைவிட்டுப் பரிசளித்தலின் விளைவு என்னும் பெரும் ஆய்வுத் துறை அச்சனிக்கிழமையின் சோம்பலில் தொடங்கிற்று. இவ்வுரை அடுத்த ஆண்டு இதழொன்றில் அச்சாயிற்று. பாடநூல்களில் ஒழுங்காகத் தோன்றும் ஆய்வு நெறிக்கும் கூடத்தில் நிகழ்வதற்கும் உள்ள தொலைவை இதனினும் தெளிவாக உரைத்தவர் சிலரே.

அதே மாநாட்டில், அதே ஹார்வர்டிலிருந்து வந்து பேசிய மற்றொருவர் ஜார்ஜ் மில்லர். 1920-இல் பிறந்த இவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. போர்க்காலத்தில் பேச்சொலியும் கேட்புத்திறனும் பற்றி ஆராய்ந்தவர். ஒரு மணி நேரம் உரையாற்றும்படி கழகம் அழைத்தபோது, அவர் முதலில் தயங்கினார் எனத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். அவரிடம் அப்போது இருந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு ஆய்வுகள். தனித்தனியே எதுவும் ஒரு மணி நேரத்திற்குப் போதாது. இரண்டிற்கும் பொதுவாக இருந்தது ஏழு என்ற எண் மட்டுமே. ஆகவே அந்த எண்ணை இணைப்புக் கயிறாகக் கொண்டு, தாம் அதனால் துரத்தப்படுவதாக வேடிக்கையாகத் தொடங்கி, உரையை அமைத்தார். உலகப் புகழ்பெற்ற அந்த ஏழு, ஒரு மணி நேரத்தை நிரப்ப எடுத்துக்கொண்ட உபாயமாகவே பிறந்தது.

அவர் எடுத்துரைத்த முதற்பொருள் தனித்து அளந்தறியும் திறன். ஒலி ஒன்றைக் கேட்பித்து, இது எத்தனையாவது ஒலி என்று வினவுவர். இரண்டு மூன்று ஒலிகளாயின் பிழை நேராது. நான்காயின் அரிதாக நேரும். ஐந்துக்கு மேற்பட்டால் அடிக்கடி நேரும். எத்தனை ஒலிகளை அடுக்கினாலும், மயங்காமல் பிரித்தறியத்தக்கவை ஏறத்தாழ ஆறு என்றே கணக்கிட்டனர். உப்புக் கரைசலின் சுவையில் இவ்வெண் நான்கு. உரத்த ஒலியின் அளவில் ஐந்து. ஒரு கோட்டின்மேல் குறியின் இடத்தைக் கூறுவதிலோ ஏறத்தாழ பத்து. நான்கு முதல் பத்து வரை சிதறிக் கிடக்கும் இவ்வெண்களைத்தாம் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ என்ற தலைப்பு சேர்த்துக் கட்டியது.

இரண்டாம் பொருள் உடனடி நினைவின் எல்லை. இலக்கங்களையோ சொற்களையோ ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லுதல் இது. ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆன வரிசையாயின் ஒன்பது வரை நினைவில் நிற்கும். ஆயிரம் சொற்களிலிருந்து எடுத்த ஓரசைச் சொற்களாயின் ஐந்து நிற்கும். மில்லர் இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை நிறுவினார். அளந்தறியும் திறனுக்கு எல்லையிடுவது தகவலின் அளவு. நினைவிற்கு எல்லையிடுவது தொகுதிகளின் எண்ணிக்கை. அதாவது, இரண்டு ஏழுகளும் ஒரே ஏழு அல்ல. அவை ஒத்திருப்பது மேற்போக்கில்தான். உரையின் நடுநாயகமான செய்தி இதுவே. உரையைக் கேள்விப்பட்டோருள் பலர் கேளாது விட்டதும் இதுவே.

தொகுதி என்றால் என்ன என்பதை விளக்க அவர் காட்டிய சான்று, முந்திய ஆண்டு, அதாவது 1954-இல், இதே கழகத்தின் மாநாட்டில் சிட்னி ஸ்மித் என்பவர் அறிவித்த சோதனை. ஸ்மித் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். ஒன்று, சுழி என வரும் குறிகளைச் சிறு கூட்டங்களாகச் சேர்த்து ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஓர் இலக்கப் பெயர் கொடுத்து நினைவிற்கொள்ளப் பழகினார். பழகியபின், ஏறத்தாழ 40 குறிகளைக் கேட்டுப் பிழையின்றித் திருப்பிக் கூறினார். நினைவின் பை பெரிதாகிவிடவில்லை. பையில் இடும் ஒவ்வொரு காசும் கூடிய மதிப்புடையதாயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு 'ஆண்டவர்' என்பது ஐந்தெழுத்து. நமக்கு ஒரு சொல். சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லும் மூதாட்டிக்கோ முழு வசனமே ஒரு தொகுதி. ஓர் ஆண்டு ஒருவர் கூறியதை மறு ஆண்டு மற்றொருவர் எடுத்து வளர்ப்பதை இங்கே காண்கிறோம். மாநாடு ஆண்டுதோறும் கூடுவதன் பயன் இதில் தெளிவாகிறது.

உரையின் இறுதியில் மில்லர் ஏழின் பட்டியலொன்றை வேடிக்கையாக அடுக்கினார்: உலக அதிசயங்கள், கடல்கள், தலையான பாவங்கள், நரகத்தின் படிகள், இசையின் சுரங்கள், வாரத்தின் நாட்கள். நாமாயின் குறளின் ஏழு சீரையும், வெளிப்படுத்தல் நூலின் முத்திரைகளையும் எக்காளங்களையும் சேர்த்திருப்போம். ஒரு முழு அருளுரை கிடைத்திருக்கும். அவரோ இவற்றுக்கும் தம் சோதனைகளில் வந்த ஏழுக்கும் ஏதேனும் உட்தொடர்பு உண்டா என்பதில் தீர்ப்பு கூறாது நிறுத்திக்கொண்டார். பித்தகோரசைப் பின்பற்றியோரை மயக்கியது போன்ற பொல்லாத தற்செயலே இது என்பது தம் ஐயம் எனவும் கூறி முடித்தார். உரை 1956-இல் 'சைக்கலாஜிக்கல் ரிவியூ' இதழில் அச்சேறியது. ஐயமும் அதிலேயே அச்சேறியது.

ஐயம் அச்சில் நின்றது. எண் மட்டும் உலகைச் சுற்றப் புறப்பட்டது. தொலைபேசி எண்கள் ஏழு இலக்கமானது மில்லரின் கண்டுபிடிப்பால் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். நியூயார்க் நகரில் ஏழு இடங்கள் கொண்ட தொலைபேசிக் குறி மில்லரின் உரைக்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்துவிட்டது. திரையில் காட்டும் குறிப்புகள் ஏழு வரிகளுக்கு மேற்படலாகாது என அலுவலகங்களில் பயிற்றுவிக்கின்றனர். கண்முன் நிற்கும் வரிகளை நினைவில் ஏந்த வேண்டிய தேவையே இல்லை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அருளுரையின் உட்பிரிவுகளுக்கும் இதே கதிதான். அருளுரையின் பகுதிகள் இலக்க வரிசை போலத் தொடர்பற்றவை அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. அவ்வாறு பிறவாவிடில் மூன்று பகுதிகளே மிகுதி. நம் வகுப்பில் நாம் கூறிய அறிவுரை நல்லதாக இருந்திருக்கலாம். அதற்கு நாம் காட்டிய சான்று அதற்குரியதன்று.

துறைக்குள்ளேயோ எண் அவ்வாறே விட்டுவைக்கப்படவில்லை. 1975-இல் ஆலன் பாட்லியும் உடன் ஆய்வாளரும், நீண்ட சொற்களைவிடக் குறுஞ்சொற்களே மிகுதியாக நினைவில் நிற்கின்றன என்றும், ஏறத்தாழ இரண்டு வினாடியில் ஒருவர் உச்சரிக்கத்தக்க அளவே எல்லை எனலாம் என்றும் காட்டினர். 1980-இல், வேல்சு மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைச் சோதித்தபோது, உச்சரிக்க நெடுநேரம் கொள்ளும் வேல்சு எண்பெயர்களில் அவர்தம் நினைவு எல்லை குறுகியது கண்டறியப்பட்டது. அவ்வாறாயின் ஏழு என்பது மனிதனின் இயல்பெண் அன்று. மொழிக்கு மொழி மாறுவது. 2001-இல் நெல்சன் கோவன், தொகுத்துக்கொள்ளவும் மனத்துக்குள் ஓதிக்கொள்ளவும் வாய்ப்பில்லாதபோது எல்லை நான்கை ஒட்டியதே எனப் பல சான்றுகளைத் திரட்டி வாதிட்டார். நாம் ஏழு என்று வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது நான்காகி ஆண்டுகள் பல கடந்திருந்தன.

மில்லரின் எண்ணேனும் எண். பிழைபட்டால் ஒரு பிரசங்கத்தின் அமைப்பே கெடும், அவ்வளவே. மேய்ப்புப்பணியில் நாம் கையாளும் வேறு உளவியற் கூற்றுகள் ஆளையே காயப்படுத்த வல்லவை. துயரத்தின் ஐந்து படிகள் என்பதை எடுத்துக்கொள்வோம். 1965-இல் சிகாகோவில் இறையியல் மாணவர் சிலர், மரணம் என்னும் நெருக்கடியை ஆராய உதவி வேண்டி எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மருத்துவரை அணுகினர். அதன்வழி, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன் அவர் நடத்திய உரையாடல்கள் 1969-இல் நூலாயின. மறுத்தல், சினம், பேரம், சோர்வு, ஏற்றல் என அவர் விவரித்தவை தாம் இறக்கப்போவதை அறிந்தோரின் மனநிலைகள். அவை எண்களை ஒப்பிட்டுச் சோதித்து நிறுவியவை அல்ல. ஒரு மருத்துவர் கூர்ந்து கேட்டு எழுதியவை. அந்த அளவில் அந்நூல் பெருமைக்குரியதே. சாகின்றவரோடு பேசலாம் என்பதையே பல மருத்துவர் அதனால் கற்றனர். நாமோ அப்படிகளை எடுத்து, உற்றாரை இழந்து நிற்போரின்மேல் சார்த்திவிட்டோம். கணவனை அடக்கம் செய்து ஒரு திங்கள் கழித்து அமைதியாக வீட்டு வேலையைப் பார்க்கும் ஒரு தாயிடம், "அம்மா, நீங்கள் இன்னும் மறுக்கும் நிலையில் இருக்கிறீர்கள், சினம் இனிமேல்தான் வரும்" என்று இளம் ஆயர் கூறுவாராயின், அத்தாய் என்ன செய்வார்? சினம் வரவில்லையே, நான் அவரைச் சரியாக நேசிக்கவில்லையோ எனத் தம்மையே வருத்திக்கொள்வார். துயருறுவோர் அனைவரும் அந்த ஐந்து படிகளை வரிசையாகக் கடக்கின்றனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

உளவியலாரும் இதில் குற்றமற்றவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்ந்த இதழ்களில் அச்சேறிய 100 ஆய்வுகளை, நூற்றுக்கணக்கான ஆய்வாளர் சேர்ந்து மீண்டும் செய்து பார்த்து, 2015-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். முதல் ஆய்வுகளுள் நூற்றுக்கு 97 புள்ளியியல் நோக்கில் உறுதியான விளைவைக் கண்டதாக அறிவித்திருந்தன. திரும்பச் செய்தபோது அவ்வாறு கண்டவை நூற்றுக்கு 36. இதனைக் கேட்டு உளவியலையே கைவிட வேண்டும் என்று மகிழ்வோர் நம்மிடையே உண்டு; அவர்களுடன் நாம் உடன்படோம். தன் வீட்டுக் குப்பையைத் தானே எண்ணி வாசலில் வைத்த துறை அது. திருச்சபை வரலாற்றாசிரியர்களாகிய நாம் அத்தகைய கணக்கொன்றை இன்னும் தொடங்கவில்லை. அதன்பின், ஆய்வு தொடங்குமுன்னரே தம் கருதுகோளையும் முறையையும் பதிவு செய்து வைத்தலும், பிறர் ஆய்வை மீண்டும் செய்து பார்த்தலும் உளவியல் துறையில் வேரூன்றி வருகின்றன. புதிது காண்பதைப் போலவே பழையதைச் சரிபார்த்தலும் பணியே என்பதை இளையோர் படிப்பின் தொடக்கத்திலேயே அறிந்து வளர்கின்றனர்.

நம் வகுப்பு பற்றியும் ஒரு செய்தி. சென்ற ஆண்டு நாம் மில்லரின் உரையை மாணவர் கையிலேயே கொடுத்து, முதலில் இறுதிப் பத்தியைப் படிக்கச் செய்தோம். பின்னர், மேய்ப்புப்பணிப் பாடத்தில் கட்டுரை வாசிக்கும் முறையையும் மாற்றினோம்: வாசிப்பவருக்குப் பத்து நிமிடம், வினாவுக்கு ஐந்து நிமிடம், மேசைமீது ஒரு கடிகாரம். முதல் இரு வாரங்கள் வினாவுக்குரிய நிமிடங்கள் மௌனத்திலேயே கழிந்தன. மூத்தோரை வினவுதல் மரியாதைக் குறைவு எனப் பிள்ளைகள் அஞ்சினர் போலும். மூன்றாம் வாரம், குடும்பங்களில் மதுப்பழக்கம் பற்றி வாசித்த இறுதியாண்டு மாணவரிடம், முதலாண்டு மாணவி ஒருவர் மெல்ல எழுந்து, "அண்ணா, நூற்றுக்கு அறுபது பேர் என்று சொன்னீர்களே, அந்த அறுபதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். அவர் தம் தாள்களை ஒருமுறை புரட்டினார், மறுமுறையும் புரட்டினார். பின்னர், "அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன், தங்கச்சி" என்று அமர்ந்தார். அடுத்த வாரம் அவர் வந்து வாசித்தபோது கட்டுரையில் அந்த எண் இல்லை. அதற்குப் பதிலாக, தம் சொந்தச் சபையில் தாமே சென்று கேட்டறிந்த பதினோரு வீடுகளைப் பற்றிய இரண்டு பக்கங்கள் இருந்தன.